அஞ்சிப் பணிதலும் அறிந்து நடத்தலும்

ஒழுக்கம் என்பது ஒருவர் செய்யும் செயலில் மட்டும் அடங்குவதன்று. அச்செயலுக்கு அவர் காட்டும் காரணத்திலும் அது வெளிப்படுகின்றது. இவ்வுண்மையை ஆய்வுக்கு அடிப்படையாக்கியவர் அமெரிக்க உளவியலார் லாரன்ஸ் கோல்பர்க். மனைவியின் உயிரைக் காக்க மருந்தைத் திருடலாமா என்னும் சிக்கலை அவர் சிறுவர்முன் வைத்தார். திருடலாம், கூடாது என்னும் விடைகளைவிட, ‘ஏன்?’ என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தையே பெரிதாகக் கொண்டார். தண்டனைக்கு அஞ்சுதல், தன் பயன் கருதுதல், பிறர் மெச்ச நடத்தல், சட்டத்தைப் பேணுதல், பொது உடன்பாட்டை மதித்தல், மனச்சான்றின் அறநெறியில் நிற்றல் என ஆறு படிநிலைகளை வகுத்தார். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வே இதற்குத் தொடக்கம்.

பேராவின் ரப்பர்த் தோட்ட வாழ்வை இப்படிகளோடு ஒப்பிடலாம். தண்டலின் கண்டிப்பும் கிராணியின் பேரேடும் அச்சத்தால் பணியச் செய்தன. ‘லயத்தார் என்ன சொல்வர்?’ என்னும் நாணமோ அதனினும் உயர்ந்தது. அது பலரை நெறிப்படுத்திற்று. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களில் குடியேறின. அங்கே தண்டலும் இல்லை, லயத்தாரும் இல்லை. வெளிக்கண்களை நம்பி நின்ற ஒழுக்கம், அக்கண்கள் மறைந்தபின் எதைப் பற்றி நிற்கும்?

இதற்கு விடைதேட ஈப்போவை அடுத்த பாப்பான் சிற்றூரின் வரலாறு உதவும். ஜப்பானியர் ஆட்சியில் அங்கே வாழ்ந்த தாதி சிபில் கார்த்திகேசு, எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். அன்றைய ஆட்சியின் ஆணைப்படி அது பெருங்குற்றம். 1943இல் கைதாகிக் கொடிய வதைக்கு ஆளானார். அவருடைய இளைய மகளையும் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி அச்சுறுத்தினர். அவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், வதையின் விளைவுகளிலிருந்து மீளாமல் 1948இல் மறைந்தார்.

இங்கே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் யாவும் அவருக்கு எதிரானவை. ஆயினும் அவர் நெறி தளரவில்லை. கோல்பர்க் நீதியை மட்டுமே அளந்து பரிவை மறந்தார் என 1982இல் கரோல் கில்லிகன் குறைகூறினார். அக்குறை பொருளுடையதே. நோயுற்றவரிடம் காட்டிய பரிவும் தம்மை நம்பியோரைக் கைவிடாத நேர்மையும் சிபிலிடம் பிரிக்க முடியாதவாறு கலந்திருந்தன. அறிவு வழிகாட்டலாம், துன்பத்தைத் தாங்கும் உறுதியை அறிவு மட்டும் தந்துவிடாது.

மலேசியப் பள்ளிகளில் 1983இன் புதிய கலைத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி இடம்பெற்றது. பண்புகளின் பெயர்களை மனனஞ்செய்து புள்ளி பெறும் மாணவர், பயன் கருதும் இரண்டாம் படியிலேயே நிற்கின்றார். ‘இது சரியா?’ என்பதோடு நில்லாமல், ‘ஏன் சரி? இதனால் துன்புறுவோர் யார்?’ என்றும் கேட்கும் வகுப்பறை வேண்டும். பிறர்க்கு உதவும் வாய்ப்பும் அங்கே அமைதல் வேண்டும். யாரும் காணாத இடத்திலும் நேர்மையாய் நிற்க இளைஞரைப் பழக்குவதே கல்வியின் கடனன்றோ!