ஆறு தாய்மார்களும் சண்டை போடலையா?



நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரக் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கிறேன். சென்ற மாதம் கந்தன் கதை சொன்னேன். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தார்கள். பிறகு பார்வதி தேவி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகன் ஆனான். அப்போது ஒன்பது வயதுத் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, பிள்ளைய கொண்டுபோனதுக்கு அந்த ஆறு அம்மாவும் சண்டை போடலையா? கோர்ட்டுக்குப் போகலையா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். பள்ளி நாளில் அம்மா வீடு, வார இறுதியில் அப்பா வீடு. வகுப்புக்கு அவன் துணிப்பையோடுதான் வருவான். எனக்கும் 11 வயதில் அப்படி ஒரு பை இருந்தது.

எனக்குப் பை பாரமாக இல்லை. "அப்பாகிட்ட சொல்லு, டியூஷன் காசு இன்னும் வரல"ன்னு அம்மா சொல்லி அனுப்புவதுதான் பாரம். "அம்மா வீட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்க?"ன்னு அப்பா கேட்பதுதான் பாரம். கோயிலில் ஓர் ஆன்ட்டி கேட்டார்: "உனக்கு அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?" எந்தப் பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். நம் புராணம் இதற்கு அழகான பதில் வைத்திருக்கிறது. பார்வதி தேவி பிள்ளையை ஏற்றுக்கொண்டதால் கார்த்திகைப் பெண்கள் வேண்டாதவர்கள் ஆகிவிடவில்லை. கார்த்திகேயன் என்று அவர்கள் பெயரையே பிள்ளை தாங்கினான். இன்றும் நாம் கார்த்திகை விரதம் இருந்து அவர்களை நினைக்கிறோம். பிள்ளையிடம் யாரும் "நீ யார் பக்கம்?" என்று கேட்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டு திருமணம், மணவிலக்குச் சட்டத்தில் 88ஆம் பிரிவு பிள்ளைப் பராமரிப்பைப் பற்றியது. முதன்மையாகப் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலன் என்கிறது. பெற்றோரின் விருப்பத்தையும், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனிக்கும். 7 வயதுக்குக் கீழ் என்றால் தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் உண்டு; ஆனால் அது மாறவே மாறாத விதி அல்ல. பிள்ளையை இங்கும் அங்கும் மாற்றி அலைக்கழிப்பது விரும்பத்தக்கதல்ல என்றும் நீதிமன்றம் கருத வேண்டும். ஒருவரிடம் பிள்ளை வளர்ந்தாலும் மற்றவர் வந்து பார்க்க வழி செய்து உத்தரவிடலாம்.

அதனால் கோர்ட் ஆர்டரை வெற்றிக் கோப்பை மாதிரி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அது பிள்ளைக்காக எழுதப்பட்ட தாள். "ஞாயிறு மாலை 6 மணிக்குத் திருப்பி விட வேண்டும்" என்றிருந்தால், 6 மணிக்கு விடுவதும் ஒரு தர்மம்தான்.

இன்னொரு கதையையும் மறக்கக் கூடாது. பிரகலாதனுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, பெற்ற தகப்பனிடமிருந்தே வந்தது. மலையிலிருந்து உருட்டினான், யானையை விட்டு மிதிக்கச் சொன்னான். "அப்பாதானே, பொறுத்துக்கோ" என்று நாராயணன் சொல்லவில்லை. தூணைப் பிளந்து வந்தார். பெற்றவர் என்ற உரிமை, பிள்ளையின் உயிருக்கு மேல் இல்லை.

ஆகவே ஒரு பிள்ளை ஒரு வீட்டுக்குப் போகப் பயந்தால், உடம்பில் காயம் இருந்தால், "குடும்ப மானம் போயிடும்"னு மூடி மறைக்காதீர்கள். குழந்தைகள் சட்டம் 2001, பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நம்பும் குடும்ப உறுப்பினர் சமூக நல அதிகாரியிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். அடித்தவர் யார், நல்லவரா கெட்டவரா என்று விசாரிப்பது நம் வேலை இல்லை. பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, உரியவரிடம் சேர்ப்பதுதான் நம் வேலை. அதே சமயம், கணவன் மனைவி சண்டையில் ஜெயிப்பதற்காகப் பிள்ளையின் வாயில் பொய்யை ஊட்டுவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமைதான்.

நாம் நீதிபதி இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஆனால் யாருக்கோ அண்ணன், அக்கா, மாமா, சித்தி. பிள்ளையிடம் உளவு கேட்காமல் இருக்கலாம். அவன் முன்னால் அவன் அம்மாவையோ அப்பாவையோ திட்டாமல் இருக்கலாம். இதற்குப் பணம் செலவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "இல்லடா, அவங்க சண்டை போடல. ஆறு பேரையும் முருகனுக்குப் பிடிக்கும். அதுல தப்பே இல்ல."

"அப்போ எனக்கும் ரெண்டு பேரையும் பிடிக்கலாமா?" என்றான்.

"தாராளமா" என்றேன். 11 வயதில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. உங்கள் பக்கத்தில் பையோடு நிற்கும் பிள்ளையிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

முருகன் அருள் முன்னிற்க.