நடுராத்திரிச் சாப்பாடு

உடம்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் எல்லாம் பகலில் உழைத்து இரவில் தூங்குகிறவர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. விடியற்காலை நடை, ஏழு மணிக்குள் இரவு உணவு, பத்து மணிக்குப் படுக்கை. சி ஷிஃப்ட் என்னும் ராத்திரி வேலை முடிந்து ஒரகடத்து ஆலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வரும் ஆளிடம் இதைச் சொன்னால், "எந்த விடியற்காலை?" என்று கேட்பார். இந்த வாரம் விடிந்தால் அவர் படுக்கப் போகவேண்டும். அடுத்த வாரம் அதே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடவேண்டும்.

நானும் அந்த பஸ்ஸில் வருகிறவன்தான். இங்கே தொந்தி விழுந்தவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. எட்டு மணி நேரம் லைனில் நின்றவரிடம் போய், இன்னும் உழைப்பு போதாது என்று எப்படிச் சொல்வது? சிக்கல் வேளையில் இருக்கிறது. ராத்திரியில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்பில் மந்தமாகிவிடும். தூக்கம் குறையக் குறையப் பசி கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் கேன்டீனில் அளவில்லாத சோறும் சர்க்கரை தூக்கலான டீயும். ஓ.டி. இருந்தால், ரூமுக்குத் திரும்பும் வழியில் பரோட்டாவும்.

இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் வரம்பும் கொஞ்சம் கறாரானது. பி.எம்.ஐ. 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தையல்காரரின் டேப் போதும். எடை மெஷினைவிட அதைத்தான் நான் நம்புகிறேன்.

காரணம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்துக் கவனித்தார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் எடை குறையவில்லை! மெஷினை மட்டும் பார்த்திருந்தால் பாதியில் விட்டிருப்பார்கள். அதே குழு 2013இல் வெளியிட்டது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பொதுத்துறை, தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்த 537 ஆண்கள். ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி செல்போனில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வருடம் கழித்து அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். செய்தி வராதவர்களில் 27. ஜிம் இல்லை, எடை குறைக்கும் பவுடர் இல்லை. (எங்கள் பக்கத்து ரூம்களில் அந்தப் பவுடர் டப்பாவை விற்காத நண்பரே இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது.)

நைட் ஷிஃப்ட் வாரத்தில் வயிறாரச் சாப்பிடுவதைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்கிறேன். நடுராத்திரியில் ஒரு கிண்ணம் தயிர்சாதம், சர்க்கரை இல்லாத டீ. பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் தடித்த போர்வை. நடப்பதற்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஆகாது, டிரெய்லர் லாரிகள் விடாது. ஆலைக்குள்ளேயே கேன்டீனிலிருந்து சுற்றுவழியில் லைனுக்குத் திரும்புகிறேன். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நாங்கள் ஒன்று ஆலையில் இருப்போம், அல்லது தூக்கத்தில். லீவு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாமே போய்விடுவது மேல்.

தட்டு மட்டும் என் கையில் முழுதாக இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளுக்குக் கேன்டீன் விதி வகுத்ததோடு, அதை நடத்தும் குழுவில் தொழிலாளருக்கும் இடம் வைத்தது. அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் நடப்பது, கோழி வாரத்துக்கு எத்தனை நாள் என்ற விவாதம். அடுத்த கூட்டத்தில் நடுராத்திரி பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் கேட்கப்போகிறோம். கோழிக்கட்சி எதிர்க்கும். அவர்களுக்கு அவித்த முட்டை வாங்கித் தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.