உங்கள் முழங்காலுக்கு நீங்களே முதல் வைத்தியர்!

"மூட்டு தேஞ்சு போச்சு. வயசானா அப்படித்தான். இனி ஒண்ணும் பண்ண முடியாது."

எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியிறங்கும் எத்தனையோ பேர் இதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மறுநாளிலிருந்து மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவதில்லை. கடைவீதிக்குப் போவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால், "எனக்குக் கால் வலி, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மூட்டு முடங்கும் முன்பே மனம் முடங்கிவிடுகிறது!

ஒன்றும் பண்ண முடியாது என்று யார் சொன்னது? 2019ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 52.8 கோடி பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 60 சதவீதம் பேர் பெண்கள். இத்தனை கோடிப் பேரும் மூலையில் உட்கார்ந்துவிட்டார்களா? இல்லையே! பிறகு நீங்கள் மட்டும் ஏன் உட்கார வேண்டும்?

நம்பிக்கை வலியைக் குறைக்குமா?

குறைக்கும். அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1970களின் இறுதியில், கேட் லோரிக் என்ற பெண்மணி மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பை உருவாக்கினார். அவர் செவிலியர் படிப்புப் படித்த ஆய்வாளர். வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். அவ்வளவுதான். புது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. பாடம் நடத்தியவர்களில் பலர் தாங்களே மூட்டுவலியோடு மல்லுக்கட்டியவர்கள்.

வகுப்பில் படித்தவர்கள் நான்கு ஆண்டு கழித்து எப்படி இருந்தார்கள் என்பது 1993இல் வெளியானது. சராசரியாக வலி 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் ஓடுவது 40 சதவீதம் குறைந்திருந்தது. இதில் ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள்: அதே நான்கு ஆண்டில் அவர்களின் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது! நோய் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது, வலியோ இறங்கிக்கொண்டிருந்தது.

எப்படி? உடற்பயிற்சியின் அளவை வைத்து மட்டும் ஆய்வாளர்களால் இதற்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. 'என் வலியை என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கை யாரிடம் வளர்ந்திருந்ததோ, அவர்களே நன்றாக இருந்தார்கள். தன்னம்பிக்கை மேடைப் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்தவர்களே, இதோ அது முட்டிவலிக்கும் கேட்டிருக்கிறது!

பயந்து உட்காராதீர்கள்

"நடந்தால் இன்னும் தேய்ந்துவிடுமே" என்ற பயம்தான் உங்கள் முதல் எதிரி. மூட்டின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அது பஞ்சு மாதிரி: அழுத்தும்போது பிழிந்து விடும், விட்டதும் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் திரவம்தான் அதன் சாப்பாடு. நீங்கள் அசையாமல் கிடந்தால் மூட்டும் பட்டினி கிடக்கும். தொடைத் தசையும் இளைத்துப் போகும். அது தாங்க வேண்டிய பாரமும் முட்டியின் தலையிலேயே விழும்.

பயிற்சி செய்யும்போது லேசாக வலிக்கிறதா? பதற வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. வராவிட்டால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். நிறுத்திவிடாதீர்கள்!

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு ஒரு நல்ல கணக்கு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் நான்கு கிலோ குறைகிறது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது இது.

இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்?

"இனி தினமும் நடப்பேன்" என்பது ஆசை. "திங்கள், புதன், வெள்ளி, காலை காபிக்கு முன்னால், தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்புவேன்" என்பது திட்டம். லோரிக்கின் வகுப்பில் இந்த மாதிரித் திட்டத்தைத்தான் போடச் சொல்வார்கள். போட்டதும் ஒரு கேள்வி: பத்துக்கு எத்தனை மார்க் நம்பிக்கை? ஏழுக்குக் கீழே வந்தால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள். கோயில் வேண்டாம், பக்கத்து வீட்டு வாசல் போதும். சொன்னதைச் செய்து முடித்த ஒவ்வொரு நாளும் உங்கள் மேல் உங்களுக்கே மரியாதை கூடும்.

இப்போதே ஆரம்பிக்கலாம். நகராத, உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். முன் நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். முடியாவிட்டால் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை. பொத்தென்று விழாமல் மெல்ல உட்காருங்கள். ஐந்து முறை. தொடை சூடாகிறதா? தசை வேலை செய்கிறது!

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை. கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். தடி ஊன்றுவதில் என்ன வெட்கம்? வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதைவிடத் தடியோடு தேர் பார்க்கப் போவது பெருமை!

டாக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை

தானே சமாளிப்பது என்றால் தானே மருந்து வாங்கிப் போடுவது அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம், ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அடிபட்டுக் கால் ஊன்ற முடியாமல் போனால், உடனே டாக்டரிடம் போங்கள். எல்லா வழியும் பார்த்தபின் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது தோல்வி இல்லை. பலமான தொடைத் தசை அப்போதும் உங்களுக்குக் கைகொடுக்கும். வெளியே போகவே முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்பதும் உங்கள் பொறுப்புதான்!

ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்

உங்கள் தெருவிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரத் திட்டத்தை அவரிடம் சொல்லுங்கள், அவருடையதைக் கேளுங்கள். அடுத்த வாரம் இருவரும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் வலியை அனுபவித்தவரே வலிக்காரருக்கு ஆசிரியராக முடிந்தது என்றால், உங்கள் தெருவில் ஏன் முடியாது? எழுந்திருங்கள்! போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவரையும் நடக்க வைக்கப் போவது நீங்கள்தான்!