பார்ப்பது மட்டும் போதுமா?

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஒரு மஞ்சள் அடுக்கு இருக்கும். எல்லாம் பழைய நேஷனல் ஜியோகிராபிக் இதழ்கள். அப்பா லோரி ஓட்டுபவர். கிள்ளானில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஒன்று இரண்டு ரிங்கிட் என்று வாங்கி வருவார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "நீ படிச்சுச் சொல்லுடா" என்று என் மடியில் போட்டுவிடுவார். படத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு வரியை மட்டும் நான் படித்துச் சொல்வேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில இதழ்களுக்குள் மடித்து வைத்த வரைபடம் இருக்கும். அப்படி ஒன்று, கடலுக்கு அடியில் இருக்கும் மலைகளைக் காட்டுவது, பல வருடம் எங்கள் பிளாட் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது.

அதனால்தான் ஆறாம் ஆண்டு படிக்கும்போதே எனக்கு மரியானா அகழி ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழம் என்று தெரியும். எம்பரர் பென்குவினில் முட்டையைக் கால்மேல் வைத்து அடைகாப்பது ஆண்தான் என்றும் தெரியும். நான் பொறியியல் படிக்க வந்ததற்கும் அந்த மஞ்சள் அடுக்குதான் பாதிக் காரணம். அவ்வளவு ஆழத்துக்குக் கேமராவை எப்படி இறக்குகிறார்கள் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

நண்பர்களே, உங்களில் பலருக்கும் இப்படி ஒன்று இருக்கும். இதழ் இல்லையென்றால் ஆவணப்படம், அதுவும் இல்லையென்றால் பள்ளிச் சுற்றுலாவில் போன அரும்பொருளகம். அதில் அப்படி என்ன இருக்கிறது? உலகம் பெரியது என்று தெரிகிறபோது வரும் வியப்பு ஒன்று. அதை யாரும் ஒத்துக்கொள்வார்கள். இன்னொன்றைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் பார்க்கலாம், பார்த்ததற்காக யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதும் அந்த இன்பத்தில் சேர்ந்திருக்கிறது. நான் சிங்கத்தைப் பார்க்கிறேன். சிங்கத்துக்கு என்னைத் தெரியாது. சிங்கம் என்றால் பரவாயில்லை. படத்தில் இருப்பது மனிதர் என்றால்?

எனக்கு இந்தக் கேள்வி பத்துமலையில் வந்தது. எஸ்.பி.எம். முடித்த அடுத்த தைப்பூசம். அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா நேர்ந்துகொண்டபடி பால்குடம் எடுத்தார். 272 படி. பாதிக்கு மேல் ஏறும்போது அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய. அப்போது ஒரு வெளிநாட்டுக்காரர், ஒரு முழம் தள்ளி நின்று, பெரிய லென்ஸை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து டக் டக் டக் என்று எடுத்துத் தள்ளினார். எடுத்து முடித்ததும் எனக்கு ஒரு புன்னகை, ஒரு 'தேங்க் யூ'. அடுத்த காவடிக்குப் போய்விட்டார். நான் பார்த்த பார்வையைக் கண்டு மாமா, "ஏன்டா முறைக்கிற? பாவம், அவங்களுக்கு இது புதுசு" என்றார்.

மாமா சொன்னதில் தப்பில்லை. அந்த ஆளும் கெட்டவராகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படம் எங்கோ ஒரு நாட்டில் ஒரு பளபளப்பான தாளில் வந்திருக்கலாம். கீழே என்ன எழுதியிருப்பார்கள்? மலேசியாவில் ஓர் இந்துப் பெண், அவ்வளவுதான். அவர் யாருக்காக அழுதார் என்பது அதில் இருக்காது. அன்றிரவு வீட்டில் மஞ்சள் அடுக்கை எடுத்துப் புரட்டினேன். நான் அப்பாவுக்குப் படித்துச் சொன்ன அந்த இரண்டு வரிகளில் எத்தனையோ இடத்தில் 'ஒரு மீனவர்', 'ஒரு சிறுமி', 'ஒரு பழங்குடிப் பெண்' என்றுதான் இருந்தது. பல வருடமாக நான் வாய்விட்டுப் படித்த வரிகள்தான். பெயர் இல்லையே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

இந்த இதழின் மிகப் புகழ்பெற்ற அட்டைப்படமே அப்படி ஒரு பெயரில்லாத படம்தான். பச்சை நிறக் கண், சிவப்பு முக்காடு, 'ஆப்கன் சிறுமி' என்றால் உங்களுக்கும் ஞாபகம் வரும். 1984-இல் பாகிஸ்தானில் பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில், கூடாரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணை ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம். 1985 ஜூன் இதழின் அட்டையில் வந்தது. உலகம் முழுக்க அந்த முகம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் 17 வருடம் யாருக்கும் தெரியாது.

2002-இல் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். அவர் பெயர் ஷர்பத் குலா. இவர்தான் அவர் என்று உறுதிப்படுத்தியதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் டௌக்மன் கண்ணின் நிற வளையத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர். அந்த வளையத்தில் இருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் 0, 1 என்று மாற்றி, இரண்டு படங்களில் எத்தனை இடம் மாறுகிறது என்று எண்ண வேண்டும். வெவ்வேறு கண் என்றால் ஏறக்குறைய பாதி மாறும். ஒரே கண் என்றால் அதைவிட மிகக் குறைவாகத்தான் மாறும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படி ஒப்பிட்டபோது ஒத்துப்போனது. இதை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. 'பாருடா, நம்ம கணக்கு என்னவெல்லாம் செய்யுது' என்று பெருமை.

இரண்டாம் முறை படித்தபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. அதுவரை ஷர்பத் குலா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அதற்கு முன் அவரை யாரும் படம் எடுத்ததும் இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆண் எடுத்ததால் தனக்குக் கோபம் வந்தது ஞாபகம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நாமெல்லாம் அந்தக் கண்ணில் பயம் என்றோம், போர் என்றோம், என்னென்னவோ சொன்னோம். அதில் கோபமும் இருந்திருக்கிறது, எங்கள் படிக்கட்டில் எனக்கு வந்த அதே கோபம். 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அவரைக் கைது செய்து, பிறகு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். 2021-இல் இத்தாலி அவரை ஏற்றுக்கொண்டது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று. அவரிடம் நான் யார் என்று காட்ட ஓர் அட்டை இல்லை.

1888-இல் தொடங்கிய அந்த இதழே தன் பழைய கணக்கைப் பார்த்தது. 2018 ஏப்ரல் இதழில் அதன் ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க், பல பத்தாண்டுகளாக எங்கள் எழுத்தில் இனவாதம் இருந்தது என்று வெளிப்படையாக எழுதினார். ஜான் எட்வின் மேசன் என்ற வரலாற்றுப் பேராசிரியரிடம் பழைய இதழ்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லித்தான் எழுதினார். வெளிநாட்டுப் பழங்குடிகளை வேடிக்கைப் பொருளாகவே காட்டியதையும், 1916-இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளை அறிவில் கடைசி நிலையில் இருப்பவர்கள் என்று அச்சிட்டதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். 1982-இல் எகிப்துப் பிரமிடுகள் அட்டைக்குள் அடங்க வேண்டும் என்று படத்தில் நகர்த்தி வைத்தார்களே, அதைப் பற்றித்தான் எங்கள் வகுப்பில் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அது சின்ன விஷயம். கல்லுக்கு வலிக்காது.

என் விடுதி அறை நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டான். "அப்ப படமே எடுக்கக் கூடாதுங்குறியா? அந்தப் படம் வரலன்னா ஆப்கன் அகதிங்க இருக்காங்கன்னே உனக்குத் தெரிஞ்சிருக்காது." உண்மைதான். 2002-க்குப் பிறகு ஆப்கன் பெண் பிள்ளைகளின் படிப்புக்காக அந்தச் சங்கம் ஒரு நிதியே தொடங்கியது. படம் இல்லாமல் அது நடந்திருக்காது. பத்துமலையில் அந்த லென்ஸ் செய்ததும் என் அப்பாவின் மடியில் மஞ்சள் இதழ் செய்ததும் ஒரே வேலைதான். ஒன்றை வெறுத்து மற்றதை வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அன்று அவனுக்குப் பதில் சொல்லாமல் மேகி கிண்டப் போய்விட்டேன்.

பிறகு யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் நம் பழக்கத்திலேயே இருந்தது. கோயிலுக்குப் போவதை நாம் 'சாமி பார்க்கப் போறேன்' என்கிறோம். ஆனால் அங்கே போய் அம்மா முணுமுணுப்பது, 'முருகா, என்னைக் கொஞ்சம் பாருப்பா' என்றுதான். தரிசனம் என்பது ஒருவழிப் பாதை இல்லை. சிலை செய்யும்போது கடைசியில் கண் திறக்கிறார்கள். அதற்கென்று தனிச் சடங்கு இருக்கிறது. கண் திறந்ததும் சாமி முதலில் பார்ப்பதற்கென்று கண்ணாடி, பசுவும் கன்றும், தானியம் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். அதாவது, பார்க்கப்படுகிற அந்த உருவத்துக்கும் பார்வை உண்டு என்று வைத்துத்தான் எல்லாமே நடக்கிறது.

சிங்கப்பூரில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போனோம். சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றின் முன்னால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, இது மியூசியம்." "அதனால என்னா?" என்றார். காவலுக்கு நின்ற தமிழ்ப் பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதே அரும்பொருளகம் 2007-இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி சிலை, தமிழ்நாட்டுக் கோயிலில் திருடப்பட்டது என்று தெரிந்து, 2015-இல் இந்தியாவுக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு, இந்தப் பொருள் எப்படி இங்கே வந்தது, இதை இழந்துவிட்டு எந்த ஊர் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. அம்மா கேட்கவில்லைதான். ஆனால் அவர் அதைப் பொருளாகவும் பார்க்கவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்கள் மேல் சொன்ன குற்றம். இனி என்னுடையது.

என் பாட்டி கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சிறுவயதில் விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். அதே தீவில் மா மெரி என்ற ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். முன்னோர்களின் ஆவிகளை முகமூடியாகவும் சிலையாகவும் மரத்தில் செதுக்குவதில் பேர் போனவர்கள். அவர்கள் மொழி மலாயோடு சேராது, மொன்-கெமெர் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர்களுக்கு விழா எடுக்கிறார்கள், நம்மைப் போலவே. இதெல்லாம் எனக்குப் போன வருடம்தான் தெரியும். பென்குவின் எப்படி அடைகாக்கும் என்று தெரிந்தவனுக்கு, பாட்டி வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

போன வருடம் பல்கலைக்கழக மாணவர்களோடு அங்கே ஒரு நாள் பயணம் போனோம். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து இலைக் கீற்றில் பாய் முடைந்துகொண்டிருந்தார். விரல் அவ்வளவு வேகம். நான் கைப்பேசியை எடுத்தேன். மூன்று படம் எடுத்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. "நாமா சியாப்பா?" என்றார். உன் பேர் என்ன என்று அவர்தான் என்னைக் கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்றார். பாட்டியின் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் வந்து பாய் வாங்குவார்கள், காசு இல்லாதபோது அரிசி கொடுப்பார்கள் என்றார். அரை மணி நேரம் பேசினோம். பஸ் ஏறி, தீவைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓ, சக்காய்க்காரங்களா" என்றார் இயல்பாக. அந்தச் சொல் அவர்களை அடிமை என்று இழிவுபடுத்துவது, அவர்களுக்குப் பிடிக்காது என்று எடுத்துச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்கு அப்படித்தான்யா சொல்லிக் குடுத்தாங்க" என்றார். பிறகு படத்தை இன்னும் பெரிதாக்கச் சொல்லி அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதே பின்னல் பாய்லதான் உங்கப்பனப் படுக்கப் போட்டேன்."

மூன்று படத்தில் ஒன்றைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் அழித்துவிட்டேன். செமெஸ்டர் விடுமுறையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எண்ணம். பெயரையும் கேட்க வேண்டும். பாட்டியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இருக்கும் ஒரே கவலை வேறு. "அத்தன வருசம் கழிச்சுப் போறோம், வெறுங்கையோடவா போறது? அவங்க முறுக்கு சாப்புடுவாங்களா, கேட்டியா?"

அதையும் நான் கேட்கவில்லை.