துலக்குதலின் எல்லை

மங்கியதெல்லாம் பழுதுபட்டது, மின்னுவதெல்லாம் செம்மையானது என்று எண்ணுவது மனித இயல்பு. ஆதலின் பழம்பொருள் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது அதைத் தேய்ப்பதற்கான துணியைத்தான். தேய்ப்பது நல்லதா என்று எவரும் வினவுவதில்லை. ஆயினும் அறிவுடையோர் வினவ வேண்டிய வினா ஒன்று அங்கே உண்டு. ஒன்றைத் துலக்கும்போது நாம் அகற்றுவது அதன்மேல் படிந்த அழுக்கையா? அல்லது அப்பொருளையேயா? பழைய மோட்டார் காரின் அலுமினியச் சக்கரம் ஒன்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

இரும்பில் ஏறுவதைத் துரு என்கிறோம். செம்பில் படர்வதைக் களிம்பு என்கிறோம். அரபு மொழியிலும் துருவுக்கு ‘ஸதா’ என்றும், களிம்புக்கு ‘ஸின்ஜார்’ என்றும் சொற்கள் உள்ளன. அலுமினியத்தின்மேல் படிவதற்கு மட்டும் இவ்விரு மொழிகளிலும் பழஞ்சொல் இல்லை. காரணம் வெளிப்படை. டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட் 1825-ஆம் ஆண்டில்தான் அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும், பிரான்ஸில் எரூவும் மின்சாரத்தின் துணையால் அதனைப் பெறும் வழியைத் தனித்தனியே கண்ட பின்னரே அது மலிந்தது. தனிச்சொல் இல்லாத குறையால் அதன் மங்கலையும் நாம் துரு என்றே அழைத்துவிட்டோம். பெயர் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும்.

இரும்பின் துரு இரும்பைத் தின்னும். அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பை மீண்டும் காற்றுக்கும் ஈரத்துக்கும் இரையாக்கும். அலுமினியத்தின் நிலை வேறு. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் ஓர் ஆடை தோன்றிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் சில கூறுகளே அதன் தடிப்பு. அது உதிர்வதில்லை. உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு மேலும் காற்றுப் புகாமல் தடுத்துவிடுகிறது. அலுமினிய ஆக்ஸைடு என்னும் இப்பொருளே, சிற்றளவு வேறு தனிமங்கள் சேர்ந்து படிகமாகும்போது, மாணிக்கமும் நீலமும் ஆகிறது.

அப்படியாயின் மங்கலைத் தொடாமலே விட்டுவிடலாமா? அதுவும் பொருந்தாது. குளிர்நாட்டுச் சாலைகளில் உறைபனியை உருக்கத் தூவும் உப்பும், கடற்காற்றில் கலந்த உப்பும் அந்த ஆடையைத் துளைக்க வல்லவை. துளைத்த இடத்தில் வெண்பொடி பூக்கும். அதனடியில் குழி விழும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் சூட்டோடு ஒட்டி, ஈரத்தைத் தேக்கி, அரிப்பை வளர்க்கும். ஆகவே மங்கல் இருவகைப்படும்: ஒன்று காக்கும் மங்கல், மற்றொன்று அரிக்கும் மங்கல். எட்ட நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. அருகமர்ந்து, மென்மையான சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, விரலால் தடவிப் பார்ப்பவர்க்கே வேற்றுமை புலனாகும்.

இனி, குறிப்பிட்ட ஒரு சக்கரத்தைக் காண்போம். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் நகரிலுள்ள ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம், போர்ஷே 911 எஸ் காருக்காகச் செய்த சக்கரம் 1966-இல் வெளிவந்தது. ஐந்து இதழ் விரிந்த மலர் போன்ற அதனை, உருக்கி வார்க்காமல், பேரழுத்தத்தால் அடித்து உருவாக்கினார்கள். பின்னர் அமிலக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தி, உலோகம் இயல்பாகவே அணியும் ஆடையைப் பன்மடங்கு தடிப்பாக்கினார்கள். இதற்கு அனோடைசிங் என்று பெயர். அதனால் கிடைத்தது கண்ணாடிப் பளபளப்பன்று. நிலவொளி போன்ற அடக்கமான ஒளி.

அரை நூற்றாண்டு கடந்து அந்த ஆடையில் புள்ளிகள் விழும்போது, அச்சக்கரத்தை வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. உள்ளதை உள்ளவாறு கழுவிப் பேணுவது ஒரு வழி. காஸ்டிக் சோடாவால் ஆடையைக் கரைத்து நீக்கி, முகம் தெரியும் வரை தேய்ப்பது மற்றொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தவர் அன்றே அதன் கவசத்தைக் கழற்றிவிட்டார். அதன் பின்னர் அந்த மினுக்கத்தை நிலைநிறுத்த அவர் மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தேய்க்கும் முறை எளியது. உப்புத்தாளை நீரில் நனைத்து, 400, 600, 1000, 2000 என்று முரட்டுத் தாளிலிருந்து மென்தாளுக்கு ஏற வேண்டும். முடிவில் பாலிஷ் பசை இட்டுத் துணியால் தேய்க்க வேண்டும். அப்போது துணி கறுக்கும். அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து, துணி வெளுக்கும் வரை தேய்ப்போம் என்று சிலர் முனைகிறார்கள். அது வெளுக்கப்போவதில்லை. அழுக்கு எப்போதோ நீங்கிவிட்டது. இப்போது துணியில் ஒட்டும் கறுப்பு, நுண்துகளாய்த் தேயும் அலுமினியமே. இன்னும் ஒரு விந்தை உண்டு. பாலிஷ் பசைகள் பலவற்றில் அராவும் பொருளாக அமைவதும் அதே அலுமினிய ஆக்ஸைடுதான். காக்கும்போது கவசம், அராவும்போது அரம்!

பழம்பொருளை எவ்வளவு தூரம் புதுக்கலாம் என்பது சக்கரத்தோடு முடியும் வழக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பழங்கட்டடங்களைக் குறித்து இவ்வழக்கு எழுந்தது. ஆங்கிலேய அறிஞர் ரஸ்கின், புதுக்குதல் என்பது அழிவின் மற்றொரு பெயர் என்னும் கருத்தை 1849-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக்கோ, ஒரு கட்டடத்தை அது எக்காலத்தும் பெற்றிராத முழுமைக்கும் கொண்டுசெல்லலாம் என்றார். 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்கு ஒரு நெறி வகுத்தது. அதனைப் பின்பற்றி, பழைய கார்ச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, 2012-இல் டுரின் சாசனத்தை ஏற்றது. இயன்ற அளவு குறைவாகத் தலையிடுக, மூலப்பொருளைப் பேணுக என்பதே அதன் சாரம்.

“சக்கரம் என்னுடையது, நான் விரும்பியவாறு செய்வேன்” எனில், அதில் என்ன தவறு? உரிமை உண்மைதான். ஓடுவதற்காகச் செய்த சக்கரத்தைத் தொடாமல் வைத்துப் போற்ற வேண்டும் என்றும் யாரும் கட்டளையிட முடியாது. ஆனால் செயல்களுள் திரும்பப் பெறத்தக்கவையும் உண்டு; பெற முடியாதவையும் உண்டு. கழுவியது பிடிக்காவிடில் மீண்டும் கழுவலாம். அராவிய உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பொறித்த எண்ணும், கருவியின் தடமும் ஒருமுறை போனால் போனவைதாம். ஆகவே உரிமை இருவகைச் செயலுக்கும் ஒன்றாயினும், பொறுப்பு ஒன்றன்று.

இதனினும் கடுமையானது ஒன்று உண்டு. அழுத்தித் தேய்க்கும்போது உலோகத்தின் மேற்பரப்பு இழுபட்டு, நுண்ணிய வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளக் கூடும். வெடிப்பு உள்ளே இருக்கும். கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். ஆதலின் முதலில் சாயத்தை ஊடுருவச் செய்து வெடிப்பைச் சோதித்துவிட்டுப் பின்னரே மெருகேற்ற வேண்டும். சோதியாமல் மெருகேற்றி விற்பவர், வாங்கியவருக்குச் சக்கரத்தோடு ஆபத்தையும் சேர்த்தே விற்கிறார். சக்கரம் உடைந்தால் நொறுங்குவது உலோகம் மட்டுமன்று. அக்காரில் அமர்ந்திருக்கும் குடும்பமும்தான்.

உள்ளத்தைத் துலக்க வேண்டும் என்று முன்னோர் உரைத்த உவமை, இரும்பும் வெண்கலமும் முகம்பார்க்கும் கண்ணாடியாயிருந்த காலத்தில் பிறந்தது. அவ்வுவமை இன்றும் மெய்யே. அலுமினியம் அதனோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறது. மாணவனைத் திருத்தும் ஆசிரியரும், பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோரும் தம் துணியில் ஏறும் கறுப்பை உற்று நோக்க வேண்டும். பேசாதிருக்கும் பிள்ளையின் நாணம் மங்கலாய்த் தோன்றலாம். அதுவே அவனுடைய கவசமாகவும் இருக்கலாம். பொய்யும் சோம்பலும் அரிக்கும் மங்கல்; அவற்றைத் தயங்காமல் நீக்கத்தான் வேண்டும். ஆனால் அழுக்கு நீங்கிய பின்னும் கை ஓயவில்லையெனில், அப்போது தேய்வது குற்றமன்று, குழந்தையே.

துலக்கத் தெரிந்தவர் பலர். துணியை எப்போது கீழே வைப்பது என்று அறிந்தவரே துலக்கும் தகுதி உடையவர்.