முதல் மொழி

1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனத்தில் வைத்திருந்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். பேசிக், லோகோ, பைத்தான் எனப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகவே நிரல் எழுதிவருகிறேன். கோத்தகிரியில் பிள்ளைகள் கேட்டால் முதலில் லோகோவைத்தான் காட்டுவேன்: 100 புள்ளி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதையே நான்கு முறை சொன்னால் திரையில் சதுரம். தவறினால் கோடு கோணலாகும். எங்கே பிசகியது என்று கண்ணே சொல்லிவிடும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி இன்னும் நெருக்கம். அதில் நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே; நாம் பேசுகிற வரிசை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி இப்படித் தமிழிலேயே அறிமுகமாக வேண்டும். பைத்தான் சில மாதம் கழித்து வந்தாலும் நட்டமில்லை.