நிற்க முடிந்தும் குனிய முடியாதவர்



சென்ற மழைக்காலத்தில் நமது பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் பாசி படிந்திருந்தது. அஸருக்கு ஒளுச் செய்து எழுந்த பெரியவர் ஒருவருக்கு ஒரு கால் அங்கேயே நிற்க, மறுகால் முன்னே நீளச் சறுக்கிற்று. "கயிறு அறுந்தாற்போல் படக்கென்று சப்தம் கேட்டது ஹஜ்ரத்!" என்றார். சதைப் பிடிப்புதான் என்று வீட்டில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் தொடையின் பின்புறம் முழங்கால்வரை கருநீலமாகிவிட்டது.

"எப்படித் தொழுவது?" என்று அவர் நம்மிடம் கேட்டார். "முடிந்தவரை குனிந்து நிமிர்ந்தே தொழுங்கள், நோவுக்கும் கூலி உண்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தாம் நாள் ஸ்கேன் எடுத்தபோது தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்து கீழே இறங்கியிருந்தது. அந்தப் பத்து நாளும் குனிந்ததற்கு நாமே காரணம் என்ற எண்ணம் நம்மை உறங்கவிடவில்லை.

பிறகுதான் மருத்துவரிடம் உட்கார்ந்து விளக்கமாகக் கேட்டோம். நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிறதே, அந்த எலும்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே சேரும் மூன்று தசைகள் உண்டு. முழங்காலை நீட்டி வைத்து இடுப்பை மடக்கினால் அவை முழு அளவுக்கு இழுபடும். சகோதரர்களே, ருகூஃவின் அமைப்பே இதுதான்! கால் நீட்டித் தரையில் அமர்வதும் அப்படியே. ஆகவே இந்தக் காயக்காரருக்கு நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் எளிது, குனிவது கேடு, கட்டாந்தரையில் உட்கார்வதோ பெரும் வேதனை.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் வருந்திக் கேட்டபோது, நின்றும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிற்க இயன்று குனிய இயலாதவர் பற்றி இமாம்கள் பேசியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் நிற்கும் கடமை அவரைவிட்டு நீங்காது. நின்று, ருகூஃவுக்கும் ஸஜ்தாவுக்கும் இயன்ற அளவு சைகை செய்வார். ஹனஃபி மத்ஹபில் அமர்ந்து சைகை செய்வது ஏற்றம். நின்று செய்தாலும் கூடும். இரண்டிலும் ஸஜ்தாவின் சைகை ருகூஃவைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். குனிந்தால் நோய் கூடும், அல்லது குணம் தாமதமாகும் என்று நம்பிக்கையான, திறமையான மருத்துவர் சொன்னாலே சலுகைக்குப் போதும். வலியில் துடித்துக் காட்ட வேண்டியதில்லை.

பெரியவர் நாற்காலிக்கு வெட்கப்பட்டார். "நாலு பேர் பார்ப்பார்களே!" என்றார். எம்பெருமானார் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரையிலிருந்து பேரீச்ச மரத்தின் அடிக்கட்டையில் விழுந்து பாதம் பிசகி, ஆயிஷா (ரலி) அவர்களின் மாடியறையில் இருந்தார்கள்; நலம் விசாரிக்கச் சென்ற தோழர்கள் அவர்கள் அமர்ந்து தொழுததைக் கண்டார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவர் வாய் மூடிக்கொண்டது.

அறுவை செய்து நாணை எலும்பில் சேர்த்துத் தைத்தார்கள். முழுதாய்ப் பிய்ந்ததைத் தைப்பதானால் முதற்சில வாரங்களுக்குள் தைப்பது நல்லது. நாளானால் நாண் சுருங்கி, பக்கத்தில் ஓடும் பெருநரம்போடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சமாய்க் கிழிந்ததற்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. ஆறு வாரம் கக்கத்துக் கட்டை. பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி. புதுக் காயத்தை அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது.

வீட்டிலுள்ளோருக்கு ஒன்று. அவர் குனிந்து தம் பாதத்தைக் கழுவ முடியாது. மனைவியோ மகனோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் ஒளு நிறைவேறும். முகீரா (ரலி) அவர்கள் நபியவர்களுக்கு ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத நாட்களுக்காக அவர் அழுதார். நோயாளிக்கு, அவர் சுகமாயிருந்தபோது செய்துவந்த அமல்கள் அப்படியே எழுதப்படுவதாக ஹதீஸ் உண்டே என்று ஆறுதல் சொன்னோம்.

சலுகைக்கும் எல்லையுண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகை இருப்பில் சம்மணமிட்டு அமர்வார்கள். சிறுவரான மகன் பார்த்து அப்படியே செய்தபோது தடுத்து, வலப்பாதத்தை நட்டு இடப்பாதத்தை மடக்குவதே சுன்னத் என்றார்கள். "தாங்கள் செய்கிறீர்களே?" என்றதற்கு, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்றார்கள். நாற்காலியும் இப்படித்தான். கால் தாங்கத் தொடங்கிவிட்டால் அது ஸஃப்பில் இருக்கலாகாது. முழங்கால் வலியென்று ஒரு முறை உட்கார்ந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் எழாதவர்களை நாம் அறிவோம்!

ஏழாம் மாதம், மருத்துவர் அனுமதித்த அன்று, பெரியவர் முழு ருகூஃ செய்தார். தொழுகை முடிந்ததும் நாற்காலியைத் தாமே தூக்கிப்போய்ப் பின்னறையில் வைத்தார். ஹவுள் ஓரத்தை வாரந்தோறும் சுரண்டிக் கழுவ இப்போது ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள்.